எந்த வரியில் நின்றீர்கள்?

இரவு பத்தரை மணிக்கு வகுப்பு வாட்ஸாப் குழுவில் ஏழு படங்கள் வந்து விழும். யாரோ ஒரு மாணவி உட்கார்ந்து போட்டு முடித்த சர்க்யூட் அசைன்மெண்ட். மறுநாள் முதல் பீரியடுக்குள் அது அறுபது பேரின் தாளில் ஏறிவிடும். மூன்றாம் பக்கத்தில் அவர் பிளஸ்ஸுக்குப் பதில் மைனஸ் போட்டிருந்தால் அந்த மைனஸும் அறுபது தாளிலும் ஏறும்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த அறுபது பேரில் பாதிப் பேராவது அன்று மாலை ஒரு மணி நேரம் அந்தக் கணக்கோடு போராடியிருப்பார்கள். இரண்டு வரி எழுதி, மூன்றாவது வரியில் நின்று, யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது என்று தெரியாமல் நோட்டை மூடியிருப்பார்கள். கணக்கைப் போடுவதைப் போலவே உதவி கேட்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. அதை எந்த செமஸ்டரிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. பொறியியல் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளில் அதிகம் பேரைத் தடுக்கி விழவைக்கும் கால்குலஸையும் சர்க்யூட் அனாலிசிஸையும் வைத்து அதைச் சொல்லப் பார்க்கிறேன்.

இரண்டையும் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டரில் அணிகளும் கால்குலஸும் ஒரே தாளாக வருகின்றன. அடுத்த செமஸ்டரிலேயே எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு சர்க்யூட் வந்துவிடுகிறது. முன்னதைக் கணிதத் துறை நடத்துகிறது, பின்னதை வேறு துறை நடத்துகிறது. அதனால் மாணவர் மனத்தில் இரண்டும் இரண்டு பெட்டிகளாகத் தங்கிவிடுகின்றன. உண்மையில் கெப்பாசிட்டரில் ஓடும் கரண்ட் என்பது அதன் வோல்டேஜ் மாறும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் என்றால் வகைக்கெழு. இண்டக்டரின் வோல்டேஜ் அதில் ஓடும் கரண்டின் வகைக்கெழுவைப் பொறுத்தது. மூன்று நோடு உள்ள சர்க்யூட்டில் கிடைக்கும் சமன்பாடுகளைத் தீர்ப்பது அணிக்கோவையும் கிராமரின் விதியும்தான். ‘சர்க்யூட் புரியவில்லை’ என்று வரும் பலருக்கு சர்க்யூட் புரிந்துதான் இருக்கிறது. நின்றது பழைய கணக்கில்.

ஆகவே உதவி தேடுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது. விடைத்தாளை மூடி வைத்துவிட்டு, கணக்கைத் தொடக்கத்திலிருந்து ஒரு வரிக்கு ஒரு படியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘இது ஏன்’ என்பதற்கு இரண்டு சொல்லில் காரணம் எழுதுங்கள்: ‘சங்கிலி விதி’, ‘கே.சி.எல்’, ‘பொதுக் காரணி வெளியே’. காரணம் எழுத முடியாத முதல் வரியின் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோடுதான் உங்கள் கேள்வி.

‘சார், இந்த சம் வரல’ என்று ஒரு மாணவர் வந்து நின்றால் ஆசிரியருக்கு இருக்கும் ஒரே வழி, முழுக் கணக்கையும் முதலிலிருந்து போர்டில் போட்டுக் காட்டுவது. மாணவர் தலையாட்டுவார், எழுதிக்கொள்வார், அடுத்த கணக்கில் அதே இடத்தில் நிற்பார். அதே மாணவர், ‘சார், பகுதித் தொகையிடல்னு கண்டுபிடிச்சிட்டேன். எதை யு-ன்னு எடுக்கணும்னுதான் தெரியல. நான் எடுத்தபடி போனா கணக்கு பெருசாயிட்டே போகுது’ என்று கேட்டால், ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் நெஞ்சில் நிற்கும்படி பதில் சொல்லிவிடுவார். வகையிட்டால் எளிதாகிப் போவது எதுவோ அதை யு-வாக எடு என்பார். அந்த ஒரு வாக்கியம் அந்த யூனிட்டின் பத்துக் கணக்கைத் திறந்துவிடும். ஆசிரியர், சீனியர் அண்ணன், அக்கா, பக்கத்து பெஞ்சுத் தோழி, கைப்பேசியில் இருக்கும் ஏஐ செயலி என யாரிடம் கேட்டாலும் இதே முறைதான். எதுவரை வந்தேன், எங்கே நின்றேன், என்ன முயன்றேன் என்ற மூன்றும் கேள்வியில் இருக்க வேண்டும்.

சர்க்யூட்டில் ஓர் எடுத்துக்காட்டைப் பொறுமையாகப் பார்ப்போம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோடு. அதற்கு இடப்பக்கமிருந்து 12 வோல்ட் பேட்டரி ஒன்று 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைந்திருக்கிறது. வலப்பக்கமிருந்து 6 வோல்ட் பேட்டரி ஒன்று 3 கிலோ ஓம் வழியாக இணைந்திருக்கிறது. நோடிலிருந்து கீழே கிரவுண்டுக்கு 6 கிலோ ஓம். இரண்டு பேட்டரிகளின் மைனஸ் முனையும் கிரவுண்டில். நோடின் வோல்டேஜ் என்ன?

பலர் செய்யும் தவறு இது. பேட்டரி என்றால் கரண்ட்டைத் தள்ளும் என்று நினைத்து, இரண்டு பேட்டரியிலிருந்தும் கரண்ட் நோடுக்குள் வருவதாக அம்பு போடுவார்கள். அதில் தவறில்லை, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அம்பு போடலாம். ஆனால் இடக் கிளைக்கு ‘12 கழித்தல் நோடு வோல்டேஜ், வகுத்தல் 2’ என்று சரியாக எழுதிவிட்டு, வலக் கிளைக்குக் கை மாறி ‘நோடு வோல்டேஜ் கழித்தல் 6, வகுத்தல் 3’ என்று எழுதிவிடுவார்கள். அம்பு உள்ளே பார்க்கிறது, எழுதிய கோவை வெளியே பார்க்கிறது. இரண்டையும் கூட்டி, கீழே போகும் கரண்ட்டுக்குச் சமன்படுத்தினால் விடை 12 வோல்ட் என்று வரும்.

இப்போது விடைத்தாளைப் பார்க்காமலே இந்த 12 தவறு என்று உங்களால் சொல்ல முடியும். நோடு 12 வோல்ட்டில் இருந்தால், 12 வோல்ட் பேட்டரிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. இடக் கிளையில் கரண்ட் ஓடாது. வலப்பக்கம் நோடு 12, பேட்டரி 6. ஆகவே 2 மில்லி ஆம்பியர் நோடிலிருந்து வெளியே போகும். கீழேயும் 2 மில்லி ஆம்பியர் வெளியே போகும். உள்ளே எதுவும் வராமல் இரண்டு பக்கமும் வெளியே போகிறது. ஒரு நோடில் அது நடக்காது.

சரியான முறை ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொள்வது. மூன்று கிளையிலும் கரண்ட் நோடிலிருந்து வெளியே போவதாக வைத்து, நோடு வோல்டேஜிலிருந்து மறுமுனை வோல்டேஜைக் கழித்து, ரெசிஸ்டரால் வகுத்து, மூன்றையும் கூட்டிப் பூஜ்யம் என்று எழுதுங்கள். 6 ஆல் பெருக்கினால், 6 மடங்கு நோடு வோல்டேஜ் 48 என்று வரும். விடை 8 வோல்ட். சரிபார்ப்போம். இடப்பக்கமிருந்து 4 வோல்ட் வித்தியாசம், 2 கிலோ ஓம், ஆக 2 மில்லி ஆம்பியர் உள்ளே வருகிறது. கீழே 8 வோல்ட், 6 கிலோ ஓம், 1.33 மில்லி ஆம்பியர் போகிறது. வலப்பக்கம் 2 வோல்ட், 3 கிலோ ஓம், 0.67 மில்லி ஆம்பியர் 6 வோல்ட் பேட்டரிக்குள் போகிறது. வந்தது 2, போனது 2. சின்ன பேட்டரி இங்கே கரண்ட் தரவில்லை, சார்ஜ் ஆகிறது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் பவர் கணக்கு இருக்கிறது. பெரிய பேட்டரி தருவது 12 வோல்ட் பெருக்கல் 2 மில்லி ஆம்பியர், 24 மில்லி வாட். ரெசிஸ்டர்கள் மூன்றும் சூடாக்கிச் செலவழிப்பது 8, 1.33, 10.67, மொத்தம் 20. சின்ன பேட்டரி வாங்கிக்கொள்வது 4. கொடுத்ததும் வாங்கியதும் 24. இப்படிச் சமன்பட்ட விடையை யாரிடமும் காட்டிச் சரியா என்று கேட்க வேண்டியதில்லை. சர்க்யூட் பாடத்தின் பேரழகு என்று நான் நினைப்பது இதைத்தான்: விடை தன் சரி தவறைத் தானே சொல்லும்.

தொகையிடலிலும் அப்படியே. எக்ஸ் பெருக்கல் காஸ் எக்ஸைத் தொகையிட்டு, எக்ஸ் சைன் எக்ஸ் கழித்தல் காஸ் எக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருப்பி வகையிடுங்கள். சைன் எக்ஸ், கூட்டல் எக்ஸ் காஸ் எக்ஸ், கூட்டல் இன்னொரு சைன் எக்ஸ். கேள்வியில் இல்லாத சைன் இரண்டு மடங்காக வந்து நிற்கிறது. நடுவில் கூட்டல் போட்டிருந்தால் இரண்டு சைனும் ஒன்றையொன்று அடித்துப் போயிருக்கும். அரை நிமிட வேலை. தேர்வு அறையில் கூடச் செய்யலாம்.

கால்குலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றின் சைன் ரேடியனில் 0.841, டிகிரியில் 0.0175. கால்குலஸ் முழுவதும் ரேடியனில் நடக்கிறது, ஏசி சர்க்யூட்டில் கோணத்தை டிகிரியில் எழுதுகிறோம். 314 டி கூட்டல் 30 டிகிரி என்று புத்தகமே எழுதும்போது, அந்த 314 டி ரேடியன், அந்த 30 டிகிரி. மாற்றாமல் கூட்டினால் விடை வராது. ‘எல்லாம் சரியா போட்டேன் சார், விடை மட்டும் வரல’ என்பவர்கள் முதலில் கால்குலேட்டரின் மோடைப் பார்க்க வேண்டும்.

இரண்டு பாடமும் ஒன்றாகக் கலக்கும் இடம் ஆர்.சி சர்க்யூட். அதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன் ஒருமுறை கண்ணால் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 9 வோல்ட் பேட்டரி, 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், ஒரு மல்டிமீட்டர். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ எல்லாம் கிடைக்கும். மல்டிமீட்டர் லேப்பில் இருக்கும். மூன்றையும் வரிசையாக இணையுங்கள். கெப்பாசிட்டரின் மைனஸ் கோடு பேட்டரியின் மைனஸ் பக்கம் இருக்கட்டும், மாற்றிப் போடக் கூடாது. மீட்டரைக் கெப்பாசிட்டரின் இரண்டு காலில் வையுங்கள். சர்க்யூட்டை மூடிய நொடியிலிருந்து கைப்பேசியில் வினாடியை எண்ணுங்கள்.

ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கினால் 10 வினாடி வருகிறது. பத்தாவது வினாடியில் மீட்டர் 5.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அதாவது 9 வோல்ட்டில் 63 விழுக்காடு. இருபதாவது வினாடியில் 7.8. முப்பதில் 8.55. ஐம்பதில் ஏறத்தாழ நிறைந்துவிடும். கெப்பாசிட்டர்கள் அச்சிட்ட மதிப்பிலிருந்து 20 விழுக்காடு வரை முன்பின் இருக்கும். ஆகவே கொஞ்சம் வித்தியாசம் வந்தால் பயப்பட வேண்டாம்.

எண்களைவிட முக்கியம், மீட்டர் ஓடும் விதம். முதல் வினாடியில் முக்கால் வோல்ட்டுக்கு மேல் தாவும். இருபது வினாடி ஆன பிறகு ஒரு வினாடிக்கு ஒன்பதில் ஒரு பங்கு வோல்ட்தான் நகரும். நிறைய மிச்சம் இருக்கும்போது வேகம், மிச்சம் குறையக் குறைய நிதானம். ‘ஏறும் வேகம் மிச்சம் இருக்கும் அளவைப் பொறுத்தது’ என்ற இந்த ஒரு வாக்கியத்தைக் குறியீட்டில் எழுதினால் அதுதான் வகைக்கெழுச் சமன்பாடு. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் சூடான பொருள் ஆறுவதற்கு நியூட்டன் விதி என்று படித்தீர்களே, அதுவும் இதே சமன்பாடுதான். பெயர்தான் வேறு.

பிளஸ் டூ புத்தகத்தைச் சொன்னது காரணத்தோடுதான். கல்லூரி மாணவருக்கு முதல் உதவிப் புத்தகம் எது என்று கேட்டால், தமிழ்நாடு அரசு 2018, 2019ஆம் ஆண்டுகளில் கொண்டுவந்த பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்கள் என்பேன். எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல் மூன்றும் பதினொன்றின் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. பகுதி வகைக்கெழுவும் வகைக்கெழுச் சமன்பாடும் பன்னிரண்டின் இரண்டாம் தொகுதியில். அந்த வகைக்கெழுச் சமன்பாட்டுப் பாடத்தின் பயிற்சியில் இண்டக்டர் உள்ள ஒரு மின்சுற்றுக் கணக்கே இருக்கிறது. கலப்பெண்களும் கிராமரின் விதியும் பன்னிரண்டின் முதல் தொகுதியில். தமிழ் வழியில் படித்து வந்து, கல்லூரியில் ‘பார்ஷியல் டெரிவேட்டிவ்’ என்ற சொல்லைக் கேட்டு மிரண்டுபோகும் பிள்ளைகள், தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் ஒரே பக்கத்தில் திறந்து அருகருகே வைத்துப் பார்க்கலாம். அது ஏற்கனவே தெரிந்த பகுதி வகைக்கெழுதான் என்று கண்டவுடன் பாதி பயம் போய்விடும். இரண்டு மொழிப் புத்தகமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்யூட்டைக் கையால் தொட்டுப் பழகியவர்கள் அவர்கள். மீட்டரைப் பிடிப்பதில் வகுப்பிலேயே தேர்ந்தவர்கள். ஆனால் முதலாண்டுக் கணிதத் தாள்களில் உட்காராமல் வருகிறார்கள். இரண்டாம் ஆண்டில் லாப்லாஸ் வரும்போது தங்களுக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓராண்டுப் பாடத்தைத் தாண்டி வந்ததுதான் காரணம். மேலே சொன்ன பள்ளிப் புத்தகங்களில் மூன்று மாதம் உழைத்தால் ஈடுகட்டலாம். வகுப்பில் கணிதம் நன்றாக வரும் ஒருவருக்கு லேப்பில் நீங்கள் கைகொடுங்கள், அவர் உங்களுக்குத் தொகையிடலில் கைகொடுக்கட்டும்.

இலவச உதவிக்கு இன்று பஞ்சமில்லை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் காணொளிகளில் இரண்டு பாடமும் முழுமையாக இருக்கின்றன. எம்ஐடியின் பாடங்களும் திறந்தே கிடக்கின்றன. கில்பர்ட் ஸ்ட்ராங் எழுதிய கால்குலஸ் புத்தகம் முழுவதையும் அங்கே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். வரைபடம் பார்க்க ஜியோஜீப்ரா, சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்க எல்டிஸ்பைஸ், இரண்டும் இலவசம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2012இல் எம்ஐடி தன் சர்க்யூட் பாடத்தை உலகுக்கே இலவசமாகத் திறந்தது. நடத்தியவர் சென்னை ஐஐடியில் பி.டெக் படித்த அனந்த் அகர்வால். பெயர் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 1,55,000 பேர். முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் 7,000க்குச் சற்று அதிகம். காணொளி பார்ப்பது கற்பது ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை. கணக்கு நடுவில் காணொளியை நிறுத்தி, அடுத்த வரியை நீங்களே எழுதிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள்.

கேள்வியைப் படம் எடுத்தால் விடையை வரிவரியாகக் கொட்டும் ஏஐ செயலிகளைப் பயன்படுத்தாதே என்று நான் சொல்லமாட்டேன். கேட்கும் விதத்தை மாற்றுங்கள் என்பேன். நீங்கள் எழுதிய வரிகளைக் கொடுத்து, ‘எந்த வரியில் முதல் தவறு இருக்கிறது, விடை சொல்லாதே’ என்று கேளுங்கள். சர்க்யூட் படத்தை அவை தவறாக வாசிப்பதுண்டு, எந்தக் கம்பி எந்த நோடில் சேர்கிறது என்பதை மாற்றிப் புரிந்துகொள்ளும். ஆகவே படத்தை மட்டும் கொடுக்காமல் இணைப்புகளை வாக்கியமாக எழுதிக் கொடுங்கள், வந்த விடையை மேலே செய்தபடி கரண்ட் கணக்கிலும் பவர் கணக்கிலும் போட்டுப் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு அசைன்மெண்ட் எழுதிக் கொடுப்பவர்களிடம் போகவே வேண்டாம். 2021 ரெகுலேஷனில் தியரி தாளுக்கு உள்மதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. காசு கொடுத்து வாங்கிய விடை அந்த 40இல் கொஞ்சம் தரலாம். 60க்கு நீங்கள் தனியாகத்தான் உட்கார வேண்டும், அரியர் விழுந்தால் அதையும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேட்பதற்கு வெட்கப்படும் மாணவர்களுக்கு இதைச் சொல்ல ஆசை. நோடல், மெஷ் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் இரண்டு விதிகளை குஸ்டாவ் கிர்க்காஃப் 1845இல் எழுதியபோது அவருக்கு வயது 21. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் அவர் அப்போது மாணவர். ஆசிரியரின் கருத்தரங்கு வகுப்புக்காகச் செய்த பயிற்சியிலிருந்து பிறந்தவை அவை. உங்கள் வயதுள்ள ஒரு மாணவரின் வீட்டுப்பாடத்தைத்தான் நீங்கள் இன்று வீட்டுப்பாடமாகச் செய்கிறீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘இது கூடவா தெரியாது, பிளஸ் டூவில் என்ன படிச்சே’ என்ற ஒரு வாக்கியம் ஒரு மாணவரை நான்கு ஆண்டுக்கு வாயடைக்கச் செய்துவிடும். ட்யூட்டோரியல் பீரியடில் போர்டைத் துடைத்துவிட்டு, பெஞ்சுக்கு பெஞ்சு நடந்து, ‘எந்த வரியில நிக்குற, காட்டு’ என்று மட்டும் கேளுங்கள்.

மாணவர்களே, இன்றிரவு குழுவில் படம் வருவதற்கு முன் நோட்டை எடுங்கள். ஒரே ஒரு கணக்கு போதும். நின்ற வரியின் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். நாளைக் காலை அந்தக் கோட்டோடு போய் உங்கள் சாரையோ மேடத்தையோ பாருங்கள்.